கழுத்தில் அடிபட்டு சிலர் திரும்பி வந்து விளையாடுகிறார்கள், சிலருக்கு அதோடு சரி. எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

லிந்துலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா மகன் கண்டியில் ஹொஸ்டலில் தங்கிப் படிக்கிறான், பள்ளிக்கூட ரக்பி டீமில் ஹூக்கர், அதாவது முன்வரிசையில் நடுவில் நிற்கிறவன். வயது 17. கொஞ்ச நாளைக்கு முன்னால் பயிற்சியில் ஸ்க்ரம் (இரண்டு அணியும் தலையைக் குனிந்து கோர்த்துக்கொண்டு தள்ளுவது) சரிந்து விழுந்ததில், வலது தோளிலிருந்து பெருவிரல் வரை நெருப்பை வைத்த மாதிரி எரிந்து, கையைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். சில நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்புறம் ஒரு மெட்சில் அதே கை, அதே எரிச்சல். இந்தத் தடவை பிடிமானம் திரும்ப நாள் எடுத்திருக்கிறது. பார்க்கப்போன சித்தி, வலது கைக்காரன் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் எடுப்பதைக் கண்டு விசாரித்த பிறகுதான் விஷயமே வெளியில் வந்தது.

கோச் சொல்வது, இது ஸ்டிங்கர், முன்வரிசையில் விளையாடுகிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று. ஹட்டனில் எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு முறியவில்லை என்றார்கள். சித்தி இனி ரக்பி என்ற பேச்சே வேண்டாம் என்கிறார். சித்தப்பாவுக்கு மனசில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததே விளையாட்டால்தான், நாளைக்கு போலீஸ் டீமோ நேவி டீமோ எடுத்தால் உத்தியோகம் கையில். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பையன் போனில் அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்கிறவன். அவனுடைய வாதம் அந்த ஆட்டத்தின் பெரிய நட்சத்திரம் பெய்டன் மானிங். மானிங் கழுத்தில் பல தடவை ஆபரேஷன் செய்து, 2011 சீசன் முழுக்க வீட்டில் இருந்து, திரும்பி வந்து 2013-இல் 55 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்து சாதனை செய்தாராம், எனக்கு வெறும் எரிச்சல்தானே அண்ணா என்கிறான். நானும் விடாமல் தேடிப் பார்த்ததில் டேவிட் வில்சன் என்று ஒருவர் அகப்பட்டார். நியூயோர்க் ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர், 2014-இல் கழுத்து ஆபரேஷன் செய்து, டாக்டர்கள் விளையாடலாம் என்று விட்டு, பயிற்சி முகாமில் ஒரு எரிச்சல் வந்த உடனே இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 23.

இரண்டு பேருக்கும் கழுத்து, இரண்டு பேருக்கும் ஆபரேஷன். ஒருவர் சுப்பர் போல் என்ற சாம்பியன் இறுதிப் போட்டியை வென்று ஓய்வு பெற்றார், மற்றவர் 23 வயதில் வீட்டுக்குப் போனார். வித்தியாசம் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தம்பிக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும்.


பொகவந்தலாவ டு டொரண்டோ:

தம்பி, நான் இங்கே வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் என்.எஃப்.எல் என்ற அமெரிக்கன் ஃபுட்போல் லீக்தான், வீட்டில் திட்டு வாங்காத ஞாயிறு கிடையாது. அதனால் ஆட்டக்காரர்கள் கதை நான் சொல்கிறேன், வைத்தியம் தெரிந்தவர்கள் மிச்சத்தைச் சொல்லட்டும்.

முதலில் மானிங். அவருடைய பிரச்சினை கைக்குப் போகிற நரம்பு. டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்கியதில் வலது கையின் ட்ரைசெப்ஸ் பலம் போய், பந்தை எறியவே சக்தி இல்லாமல் இருந்தார். 2011 செப்டம்பரில் ஒரே ஒரு மட்டத்தில் இரண்டு எலும்பை ஒட்டவைத்தார்கள். அடுத்த மார்ச்சில் கோல்ட்ஸ் அணி அவரை விட்டுவிட்டது, டென்வர் எடுத்தது. இன்னொன்று, அவர் குவார்ட்டர்பேக், பின்னால் நின்று பந்தை எறிகிறவர். அடி வாங்குகிற ஆள், தலையால் போய் மோதுகிற ஆள் இல்லை. நடுவர்களும் விதிகளும் அந்த இடத்தில் நிற்கிறவனைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். வில்சன் ரன்னிங் பேக். பந்தை மடியில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து கூட்டத்துக்குள் புகுவதுதான் அவருடைய தொழிலே. அதுபோக அவருக்குப் பிறவியிலேயே முள்ளந்தண்டுக்குள் இருக்கிற பாதை குறுகல். ஆக ஆபரேஷன் என்ற பெயர் மட்டும்தான் இரண்டு பேருக்கும் ஒன்று.

அந்தக் குறுகல் விஷயத்துக்கு மைக்கேல் இர்வினைத்தான் பார்க்க வேண்டும். டல்லஸ் கவ்போய்ஸின் பெரிய நட்சத்திரம், மூன்று சுப்பர் போல் வென்றவர். 1999 ஒக்டோபரில் பிலடெல்பியாவில் சாதாரணமாகப் பந்தைப் பிடித்து விழுந்தார், தலை தரையில் பட்டது. வீடியோவைப் பார்த்தால் இதற்கா என்று தோன்றும். எழும்ப முடியவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தபோது எதிரணி ரசிகர்களில் ஒரு கூட்டம் கைதட்டியது, அந்த ஊர் சனத்துக்கு இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். கை கால் உணர்வு எல்லாம் திரும்பிவிட்டது. ஆனால் ஸ்கேன் செய்த இடத்தில் பாதை குறுகல் என்று தெரிந்தது, 2000-ஆம் ஆண்டில் ஓய்வு அறிவித்தார். அந்த விழுதல் அவருடைய கழுத்தில் முன்பே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

ஸ்டெர்லிங் ஷார்ப் இன்னொருவர். கிரீன் பே அணி. 1994 சீசனில் 18 டச்டவுன் பிடித்தார், அந்த வருடம் அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சீசன் கடைசியில் கழுத்தின் மேலே முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் தளர்வு என்று கண்டார்கள். 29 வயதில் முடிந்தது. ஏழு சீசன் மட்டும் விளையாடிய மனிதரை 2025-இல்தான் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அவருடைய தம்பி ஷானன் 2011-இலேயே உள்ளே போய்விட்டார்.

அதே கிரீன் பேயில் நிக் கொலின்ஸ் 2011-இலும், ஜெர்மைக்கல் ஃபின்லி 2013-இலும் கழுத்தில் அடிபட்டு, எலும்பு ஒட்டுகிற ஆபரேஷன் செய்து, திரும்பி வர ஆசைப்பட்டு, வர முடியாமலே போனார்கள். இரண்டு பேருமே நன்றாக நடந்தார்கள், ஓடினார்கள், பாரம் தூக்கினார்கள். நடக்க முடிவது வேறு, 110 கிலோ ஆள் ஓடிவந்து மோதுகிற இடத்தில் போய் நிற்க அனுமதி கிடைப்பது வேறு. உன் தம்பி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

மோசமான கதைகளும் உண்டு. டாரில் ஸ்டிங்லி, 1978 ஓகஸ்ட், சீசன் தொடங்குவதற்கு முந்திய ஒப்புக்கு விளையாடுகிற மெட்ச். ஜாக் டேட்டம் மோதியதில் நாலாவது ஐந்தாவது கழுத்தெலும்பு முறிந்து, 2007-இல் 55 வயதில் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான். அந்த மோதலுக்கு அன்றைய விதியில் ஒரு தண்டனையும் இல்லை. மைக் அட்லி 1991-இல் நெஞ்சுக்குக் கீழே செயலிழந்தார். தூக்கிக்கொண்டு போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், அந்தப் படத்தை இன்றைக்கும் போடுவார்கள்.


பிசியோ அக்கா:

நான் நுவரெலியாவில் பிசியோதெரபிஸ்ட். பையனைப் பார்க்காமல் வைத்தியம் சொல்லக்கூடாது, அதனால் பொதுவாகவே சொல்கிறேன், பையனை நேரில் ஒருவர் பார்த்தே ஆகவேண்டும்.

டொரண்டோ அண்ணன் சொன்ன பாதையிலிருந்தே தொடங்குகிறேன். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் ஒரு ஓட்டை, அதற்குள்ளே முண்ணாண், அதாவது மூளையிலிருந்து வருகிற தடித்த நரம்புக் கயிறு, இறங்குகிறது. அந்தப் பாதை முன்னாலிருந்து பின்னாக சாதாரணமாக 17 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், 13-க்குக் கீழே போனால் குறுகல் என்போம். முண்ணாணைச் சுற்றி திரவம் இருக்கிறது. பீலிக் குழாய்க்குள் ஒரு மெல்லிய ஹோஸ் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், குழாய் அகலமாக இருந்தால் எவ்வளவு வளைத்தாலும் ஹோஸ் நசுங்காது. குறுகலானவருக்குக் கழுத்து சற்று அதிகமாக மடங்கினாலே எலும்பு முண்ணாணைப் பிடித்துவிடும். எலும்பு முறியவே வேண்டாம். அதனால்தான் எக்ஸ்ரேயில் முறிவில்லை என்பது பாதிப் பதில்தான்.

அடுத்தது, எது நரம்பு, எது முண்ணாண். ஸ்டிங்கர் என்றால் முண்ணாணிலிருந்து பிரிந்து கைக்குப் போகிற நரம்பு இழுபட்டதோ நசுங்கியதோ. ஒரு பக்கக் கை மட்டும் எரியும், பெரும்பாலும் தோளிலிருந்து பெருவிரல் பக்கம், சீக்கிரம் அடங்கும். கோச் சொன்ன மாதிரி அது சகஜம்தான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கையும் சேர்ந்து எரிந்தால், அல்லது ஒரு காலாவது மரத்தால், அதை ஸ்டிங்கர் என்று சொல்லவே கூடாது, அது முண்ணாண் சம்பந்தப்பட்டது, உடனே அசையாமல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இர்வினுக்கு நடந்த மாதிரி தற்காலிகமாகக் கை கால் செயலிழந்து சில நிமிடத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ முழுதாகத் திரும்புவதும் உண்டு. திரும்பிவிட்டதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவதில்தான் ஆபத்து.

தலையைக் குனிந்து மோதுவது பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ரக்பிக்கும் இது அப்படியே பொருந்தும். நிமிர்ந்து நிற்கும்போது கழுத்தில் இயல்பாக ஒரு வளைவு இருக்கிறது, அடி விழுந்தால் அந்த வளைவும் தசைகளும் வாங்கிக்கொள்ளும். தலையை 30 பாகை அளவுக்கு முன்னால் குனிந்தால் வளைவு போய் கழுத்து நேராகிவிடும். அந்த நேரத்தில் உச்சந்தலையில் மோதினால், தலை நின்றுவிட, பின்னால் வருகிற உடம்பு நிற்காமல் தள்ள, நடுவில் அகப்பட்ட கழுத்து நொறுங்கும். ஜோசப் டோர்க் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் அடிபட்ட காட்சிகளையும் எக்ஸ்ரேக்களையும் சேர்த்துவைத்து ஆராய்ந்து இதைக் காட்டினார். அதுவரைக்கும் கழுத்து பின்னால் மடங்குவதால்தான் முறிகிறது என்று நினைத்திருந்தார்கள். 1976-இல் அமெரிக்கப் பாடசாலை, கல்லூரி ஆட்டங்களில் தலையால் குத்துவதைத் தடை செய்தார்கள். அந்த வருடம் கழுத்து முறிந்து நிரந்தரமாகக் கை கால் செயலிழந்தவர்கள் 34 பேர். 1984-இல் 5 பேர். மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை, ஒரு விதியும், பயிற்சியாளர்கள் டக்கிள் (எதிராளியைப் பிடித்து விழுத்துவது) சொல்லிக்கொடுத்த முறையும் மாறியதுதான்.

எலும்பு ஒட்டுகிற ஆபரேஷன் பற்றிக் கேட்டீர்கள். ஒரே மட்டத்தில் ஒட்டி, நன்றாகக் கூடி, வலி இல்லாமல், கழுத்து எல்லாப் பக்கமும் திரும்பி, கையின் பலம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பல டாக்டர்கள் விளையாட அனுமதிப்பார்கள். இரண்டு மட்டம் என்றால் யோசிப்பார்கள். மூன்று என்றால் இல்லை. உச்சியில் முதல் இரண்டு எலும்புகளில் பிரச்சினை என்றால் பேச்சுக்கே இடமில்லை, ஷார்ப் கதை அதுதான். ஒட்டிய இடம் அசையாது, அந்த அசைவை மேலும் கீழும் இருக்கிற டிஸ்க்குகள் சுமக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. மேலே போகப் போக ஆபத்தும் கூடும். மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்புகள்தான் மூச்சு விடுகிற தசைக்குப் போகின்றன.

சம்பந்தமில்லாத ஒன்று. எங்கள் கிளினிக்குக்குக் கழுத்து வலி, கை விறைப்பு என்று வருகிறவர்களில் ரக்பிக்காரர்களை விட கொழுந்து எடுத்த அம்மாமார்தான் அதிகம். நெற்றிக்கு மேலே கயிற்றை மாட்டிக்கொண்டு, முதுகில் கூடையோ சாக்கோ தொங்க, மழையில் நனைந்த கொழுந்தோடு ஏற்றம் ஏறியவர்கள். அவர்களுக்கு வயதாக ஆக பாதை குறுகுகிறது. யாரும் அதை விபத்து என்று எழுதுவதில்லை, ஓய்வு பெறும் வயதில் வருகிற வாதம் என்று சொல்லிவிடுகிறார்கள்.


பழைய ப்ரொப்:

பிசியோ பிள்ளை சொல்வது புத்தகத்தில் சரி. நான் பள்ளிக்கூடத்திலும் அப்புறம் கிளப்பிலும் முன்வரிசையில் கிடந்தவன், எத்தனை ஸ்டிங்கர் என்று எண்ணியதே இல்லை, ஐஸ் வைத்துவிட்டு திரும்ப உள்ளே போவோம். ஒவ்வொரு எரிச்சலுக்கும் எம்.ஆர்.ஐ என்றால் கண்டியில் ஒரு ஸ்கூல் டீம் கூட மிஞ்சாது.

அமெரிக்க ஆட்டத்தோடு ரக்பியை ஒப்பிடுவதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. அவனுக்குத் தலையில் ஹெல்மெட் இருக்கிற தைரியத்தில் தலையை ஆயுதமாக்குகிறான். எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தலையை ஓரத்தில் வை, கன்னத்தை அவன் இடுப்பில் ஒட்டு என்று சொல்லிக்கொடுப்போம். வெறுந்தலையால் முட்டினால் யாருக்கு வலிக்கும்?

ஸ்க்ரம் மட்டும் வேறு கதை, அதில் நான் ஒளிக்கமாட்டேன். ஹூக்கருடைய இரண்டு கையும் இரண்டு பக்கம் ப்ரொப்மாரின் மேல் கட்டிப்போட்டிருக்கும். சரிந்தால் கையை ஊன்ற வழி இல்லை, தலைதான் முதலில் தரைக்குப் போகும், பின்னால் இருக்கிறவனுக்கு முன்னால் நடப்பது தெரியாமல் தள்ளிக்கொண்டே இருப்பான். எங்கள் காலத்தில் இரண்டு பக்கமும் தூரத்திலிருந்து பாய்ந்து மோதுவோம், அந்தச் சத்தம் பவிலியனுக்குக் கேட்கும். 2013-இலிருந்துதான் முதலில் பிடித்துக்கொண்டு அப்புறம் சேர்கிற முறை வந்தது. 19 வயதுக்குக் கீழே ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவும் கூடாது. இங்கிலாந்தில் மெட் ஹாம்ப்சன் என்ற பையன் 2005-இல் இளையோர் அணிப் பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்து கழுத்து முறிந்து, இன்றைக்கும் மூச்சு விட இயந்திரம் வைத்திருக்கிறான். அவன் ப்ரொப். என் இடம்.

இருந்தாலும் பயந்து ஒதுங்குகிறவன் முன்வரிசைக்குச் சரிவரமாட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.


பிசியோ அக்கா:

அங்கிள், ஒவ்வொரு எரிச்சலுக்கும் எம்.ஆர்.ஐ என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை வந்து, நிமிடங்களில் போய், பலம் முழுதாகத் திரும்பினால் கவனித்துப் பார்த்துவிட்டு விடலாம். இந்தப் பையனுக்கு இரண்டாம் தடவை, அதே கை, அதுவும் கோப்பையைத் தூக்க முடியாத அளவுக்குப் பலம் நாள்கணக்கில் குறைந்திருக்கிறது. அந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்கேன் செய்யாமல் ஸ்க்ரம்முக்குள் விடக்கூடாது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் உங்களுடைய பாதை அகலம் என்று அர்த்தம், அது பையனுக்கும் அகலம் என்று ஆகாது.


ரதல்ல ரோட்:

நான் விளையாட்டுக்காரன் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

என் மாமா சவுக்கு மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்தார். கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தார், பேசினார், தண்ணி கேட்டார். ஆட்கள் ஓடிவந்து கம்பளியை விரித்து, இரண்டு பேர் கக்கத்திலும் இரண்டு பேர் காலிலும் பிடித்து, தலையை யாருமே பிடிக்காமல் தூக்கிப் போட்டு, நாலு மூலையையும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார்கள். தலை ஒவ்வொரு படிக்கும் ஆடியது. அப்புறம் கொழுந்து லொறி. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது காலில் ஊசியால் குத்தினால் தெரியவில்லை என்றார். விழுந்ததில் போனதா தூக்கினதில் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கியவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள், பாசத்தில் ஓடிவந்தவர்கள், அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது.

அதனால் டொரண்டோ அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அந்த அமெரிக்க வீடியோக்களை நானும் பார்த்தேன். ரயன் ஷேசியர், பிட்ஸ்பர்க், 2017 டிசம்பர். மோதி விழுந்து முதுகைப் பிடிக்கிறார், கால் அசையவில்லை. டாக்டர்கள் சுற்றி நின்று ஒருவர் தலையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் ஒரே நேரத்தில் பலகையில் ஏற்றுகிறார்கள். இந்த மாதிரி அடிபட்டால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் முகக் கம்பியை மட்டும் எடுப்பார்களாம். எவ்வளவு நிதானம். அவசரமே படவில்லை. எங்கள் தோட்டத்தில் விழுந்தவனை எவ்வளவு சீக்கிரம் தூக்குகிறோமோ அவ்வளவு அக்கறை என்று நினைக்கிறோம்.

கண்டியில் பெரிய மெட்சுக்கு அம்புலன்ஸ் நிற்கும், சரி. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்தால் அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது தலையைப் பிடிக்கத் தெரியுமா? 1990-க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், வருகிற வரைக்கும் தொடாமல் இருக்கத் தெரிந்தாலே போதும்.


பொகவந்தலாவ டு டொரண்டோ:

ரதல்ல தம்பி, மாமாவுக்கு நடந்ததைக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன நிதானம் சும்மா வரவில்லை, அவர்கள் சீசனுக்கு முன்பே அதை ஒத்திகை பார்க்கிறார்கள். 2007-இல் பஃபலோ அணியின் கெவின் எவரெட் விழுந்தபோது ஆரம்பத்தில் இனி நடக்கமாட்டார் என்று பயந்தார்கள். மைதானத்திலிருந்து போகும்போதே குளிர்ந்த சலைன் ஏற்றி உடம்பைக் குளிர்வித்தார்கள், கையோடு ஆபரேஷன், அந்த வருடம் முடிவதற்குள் நடந்தார். குளிர்வித்ததுதான் காரணமா என்று டாக்டர்களுக்குள்ளேயே சண்டை, ஆனால் அசைக்காமல் சரியாகக் கொண்டுபோனதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. டெனிஸ் பேர்டும் அப்படித்தான். 1992 நவம்பர், நியூயோர்க் ஜெட்ஸ், எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்ந்தவர் தன் சொந்த அணிக்காரன் நெஞ்சில் தலையால் மோதி ஐந்தாவது எலும்பு நொறுங்கியது. அடுத்த சீசன் முதல் மெட்சுக்கு நாணயம் சுண்ட நடந்து வந்தார். எவரெட்டும் சரி பேர்டும் சரி, திரும்ப விளையாடவில்லை. ஷேசியரும் நடக்கிறார், 2020-இல் ஓய்வு அறிவித்தார். அவர் அடிபட்டதற்கு அடுத்த வருடம், 2018-இல், தலையைத் தாழ்த்தி மோதினாலே குற்றம் என்று என்.எஃப்.எல் விதி கொண்டுவந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1976-இல் போட்ட விதியின் இன்னொரு வடிவம் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற பெரியவர்களுக்கு வர 42 வருடம்!


லிந்துலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு விஷயம் கேட்கவேண்டும்.

ஒன்று, அங்கே இப்படி நிற்கிறவர்களுக்குச் சம்பளம் என்ன ஆகும்? சித்தப்பாவோடு பேசும்போது அந்தக் கேள்வி கட்டாயம் வரும். இரண்டு, எம்.ஆர்.ஐ அரசாங்க ஆஸ்பத்திரியில் நாள் கொடுக்க மாதக்கணக்கு ஆகும் என்கிறார்கள், தனியாரில் எடுக்கிற காசு சித்தப்பாவின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அதுவரைக்கும் என்ன செய்வது?


பொகவந்தலாவ டு டொரண்டோ:

சம்பளம் பற்றி: என்.எஃப்.எல் ஒப்பந்தத்தில் பேப்பரில் போடுகிற பெரிய தொகை எல்லாம் கைக்கு வருகிற காசு இல்லை. உத்தரவாதம் என்று எழுதிய பகுதி மட்டும்தான் நிச்சயம். உடல் தகுதிப் பரிசோதனையில் தேறவில்லை என்று ஒரு வரி எழுதி அணி ஆளை விட்டுவிடலாம். டல்லஸின் லெய்டன் வாண்டர் எஷ் கழுத்தால் 2024-இல் அப்படித்தான் போனார், வயது 28. ஷேசியரை அவருடைய அணி பட்டியலிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டது, அது எல்லோருக்கும் வாய்க்காது. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் சொந்தக் காசில் காப்புறுதி எடுப்பார்கள். ஃபின்லிக்கு ஒரு கோடி டொலர் காப்புறுதி இருந்ததாக அப்போது பத்திரிகைகள் எழுதின. திரும்ப விளையாடினால் அந்தக் காசு கிடையாது என்பதால் அவருடைய முடிவைப் பற்றி எல்லோரும் ஒரு கதை கட்டினார்கள். கழுத்து அவருடையது, பேசுகிற வாய் எங்களுடையது.

உன் தம்பிக்கு ஒப்பந்தமும் இல்லை காப்புறுதியும் இல்லை. சித்தப்பாவிடம் வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம், இதை மட்டும் சொல். போலீஸ் டீம், நேவி டீம் என்று எடுத்தாலும் மருத்துவப் பரிசோதனை இருக்கும், கையில் பலம் குறைந்தவனை அங்கே எடுக்கமாட்டார்கள். இப்போது ஒரு சீசன் நின்றால்தான் அந்த வேலைக்கே வழி இருக்கிறது.


பிசியோ அக்கா:

தம்பி, ஸ்கேன் வரும்வரை செய்யவேண்டியது எளிது: ஸ்க்ரம் இல்லை, டக்கிள் இல்லை, ஜிம்மில் தலைக்கு மேலே பாரம் தூக்குவதும் இல்லை. ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம். எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டு கண்டி தேசிய ஆஸ்பத்திரி நரம்பியல் கிளினிக்குக்கு உங்கள் ஊர் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போங்கள். கடிதத்தில் இரண்டாம் தடவை என்பதையும், கையில் பலம் குறைந்ததையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். வெறும் கழுத்து வலி என்று எழுதினால் வரிசையின் கடைசியில்தான் நிற்பீர்கள், பலவீனம் என்று எழுதினால் முன்னுக்கு எடுக்க வாய்ப்பு இருக்கிறது. இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். பையனை முன்னால் நிறுத்தி இரண்டு கையையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, நீங்கள் மேலிருந்து அமுக்குங்கள். அப்புறம் முழங்கையை மடக்கச் சொல்லி இழுத்துப் பாருங்கள். வலது கை சீக்கிரம் இறங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.


பழைய ப்ரொப்:

பிசியோ பிள்ளை சொல்கிற மூன்றும் சேர்ந்தால் நானும் நிறுத்தத்தான் சொல்வேன். கோச்சிடம் பையனை அனுப்ப வேண்டாம், தகப்பன் நேரில் போகட்டும். பையன் போய்ச் சொன்னால் பயந்துவிட்டான் என்று டீமில் பேர் எடுப்பான், தகப்பன் சொன்னால் அந்தப் பேச்சு வராது. இது எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்.


லிந்துலைக்காரன்:

நேற்று இரவு பேசினோம். அக்கா சொன்ன மாதிரி அமுக்கிப் பார்த்தேன், வலது கை இறங்குகிறது. அவனே அதைப் பார்த்து அதிர்ந்து போனான். சனிக்கிழமை சித்தப்பா கண்டிக்குப் போகிறார், கடிதம் வாங்கிவிட்டோம். மானிங் கதையை விட்டுவிட்டான். இப்போது புதிதாக ஒன்று கேட்கிறான். ஸ்க்ரம்தானே பிரச்சினை, ஓரத்தில் ஓடுகிற இடமான விங்கில் விளையாடலாமா என்று.


பிசியோ அக்கா:

விங்கில் டக்கிள் இல்லையா? ஸ்கேன் வரட்டும் என்று சொல்லுங்கள்.


பழைய ப்ரொப்:

ஹூக்கர் விங்கில் ஓடுவதைப் பார்க்க நானே டிக்கெட் எடுத்து வருவேன். முதலில் ஸ்கேன்.